ஒற்றைப் பிரதியும் சிருஷ்டியும்

இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அமெரிக்காவில் ‘ஸ்கெட்ச் கார்ட்’ என்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அட்டையின் அளவு இவ்வளவுதான். திரைப்படத்தையோ காமிக்ஸையோ ஒட்டி அச்சிட்டு விற்கும் அட்டைப் பாக்கெட்டுகளில், அபூர்வமாக ஏதோ ஒன்றில், ஓவியர் ஒருவர் பென்சிலாலோ மையாலோ வண்ணத்தாலோ கையால் வரைந்த அட்டை ஒன்று இருக்கும். அச்சிட்டவை ஆயிரக்கணக்கில்; இது ஒன்றே ஒன்று. ஆகவே இது ‘ஒரிஜினல்’ என்கிறார்கள். ஒன்றே ஒன்றாக இருப்பதால் ஒரு பொருள் அசலாகிவிடுமா என்பது என் கேள்வி. எது சொந்தம், எது இரவல் என்று கவிதையை வைத்து நாம் ஓயாமல் போடும் சண்டை, அங்கே காசுக் கணக்கோடு நடந்திருக்கிறது. அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

சண்டை பழையது. 1850ல் ஐரோப்பாவிலிருந்து வந்து பாஸ்டனில் குடியேறிய லூயி ப்ராங், கல்லச்சில் பல வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி எண்ணெய் ஓவியங்களின் நகல்களைத் தயாரித்தார். ஆல்பத்தில் சேர்த்துவைப்பதற்கென்றே சிறு வண்ண அட்டைகளையும் வெளியிட்டார். 1866ல், ஆர்தர் டெய்ட் வரைந்த கோழிக்குஞ்சுப் படத்தை அவர் இப்படி வெளியிட்டபோது ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ விமர்சகர் கிளாரன்ஸ் குக் அதைத் தாக்கி எழுதினார். ப்ராங்கும் பதில் எழுதினார். எட்டு வருஷம் கழித்து ‘நேஷன்’ பத்திரிகை ஆசிரியர் காட்கின், தம் காலத்துப் போலிப் பண்பாட்டுக்கே ‘க்ரோமோ நாகரிகம்’ என்று பெயர் வைத்தார். நகல் என்றாலே மட்டம் என்கிற மேட்டிமையும், நகல்தான் சாதாரண வீட்டுக்குக் கலையைக் கொண்டுபோகிறது என்கிற வியாபாரியின் வாதமும் அன்றே எதிரெதிரே நின்றுவிட்டன. ஒரு விஷயத்தில் இரு தரப்பாரும் ஒத்துப்போனார்கள். அசல் எங்கோ ஒரு சுவரில் மாட்டியிருக்கிறது, கையில் இருப்பது அதன் நிழல் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை.

பிறகு வந்த அட்டைகள் இந்த ஏற்பாட்டைக் குழப்பிவிட்டன. புரூக்ளினில் பபிள்கம் விற்றுக்கொண்டிருந்த டாப்ஸ் கம்பெனி, 1953ஆம் வருஷத்துப் பேஸ்பால் அட்டைகளுக்காக, ஆட்டக்காரர்களின் புகைப்படங்களைப் பார்த்துச் சிறு ஓவியங்களை வரைவித்தது. வரைந்தவர் பெயர் அட்டையில் கிடையாது. ஓவியங்கள் கம்பெனியிடமே தங்கிவிட்டன. 1989ல் அவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, மிக்கி மாண்டில் என்ற ஆட்டக்காரரின் படம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. விலைபோனது எது? புகைப்படத்தைப் பார்த்துப் போட்ட ஒரு நகல். அச்சுக்குக் கச்சாப்பொருளாக இருந்தது. அதன் பிரதிகளைப் பள்ளிக்கூட வயதில் பையில் வைத்திருந்தவர்கள் ஒரு தலைமுறை முழுக்க இருந்ததால்தான் அதற்கு மூலம் என்ற அந்தஸ்து வந்தது. பிரதிகள் சேர்ந்து மூலத்தைச் சிருஷ்டித்த விசித்திரம் இது.

1962ல் அதே கம்பெனி, வேறொரு பெயருக்குள் ஒளிந்துகொண்டு, ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ என்ற 55 அட்டைகளை வெளியிட்டது. பாக்கெட் ஐந்து சென்ட். செவ்வாய்க்காரர்கள் பூமியைத் தாக்கும் கதை. யோசனை வுடி கெல்மன், லென் பிரவுன் இருவருடையது. வரைவுகள் செய்தவர்கள் வாலி வுட், பாப் பவல். பெரும்பாலும் வண்ணம் தீட்டியவர், மலிவுக் கதைப் பத்திரிகைகளுக்கு அட்டைப்படம் போட்டுக் கை பழகிய நார்மன் சாண்டர்ஸ். கதையின் பூர்வீகம் 1898ல் புத்தகமாக வந்த வெல்ஸின் நாவலில் இருக்கிறது. உருவத்துக்கோ, 1952ல் ‘வியர்ட் சயன்ஸ்’ காமிக்ஸுக்கு வுட் வரைந்த மேலட்டைதான் தூண்டுதல். ஆக, கதை இரவல், உருவம் இரவல், ஒருவர் கோட்டின்மேல் இன்னொருவர் வண்ணம். ஆனாலும், பிதுங்கிய மூளையும் எலும்பு முகமுமாக நிற்கும் அந்தச் செவ்வாய்க்காரனை, பற்றி எரியும் மாடுகளை, சிறுவன் கண்ணெதிரே பொசுங்கும் நாயை, பார்த்தவர் மறக்கவில்லை. குழந்தைகளுக்கு இது ஆகாது என்று புகார்கள் கிளம்பி, விற்பனை நின்றது. அந்த அட்டைகள் அச்சில்தான் முழுமை பெற்றன. இதை நான் அசல் என்பேன்.

வாலி வுட்டிடம் கொஞ்சம் நிற்கவேண்டும். அவர் சொன்னதாக அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்களிடையே ஓர் உபதேசம் வழங்குகிறது. நகல் செய்ய முடிந்ததை வரைந்து பொழுதை வீணாக்காதே, அதைவிட ட்ரேஸ் எடுப்பது மேல், அதையும்விட வெட்டி ஒட்டுவது மேல் என்பது அதன் சாரம். பக்கக் கூலிக்கு உழைத்து ஓய்ந்த மனிதனின் கசப்பு அது. அதே மனிதர்தான், வெறும் பேச்சாக நீளும் சலிப்பான காட்சியை எத்தனை விதமாகக் கட்டத்துக்குள் அமைக்கலாம் என்று தம் உதவியாளர்களுக்காக வரைந்து வைத்திருந்தார். லாரி ஹாமா அவற்றில் 22 கட்டங்களை ஒரே தாளில் ஒட்ட, அது ஜெராக்ஸ் பிரதியாகக் கைமாறிக் கைமாறித் தொழில் முழுவதும் பரவியது. 1981ல் மறைந்த வுட்டின் கண், இப்படி நகலின் நகல் வழியாகத்தான் பலருக்குப் போய்ச் சேர்ந்தது. நகல் எடுப்பதே பாவம் என்று எப்படிச் சொல்வது?

காலரிக்காரர்கள் இதே கேள்வியை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டார்கள். 1962ல் வெளிவந்த யுத்தக் காமிக்ஸ் ஒன்றில் இர்வ் நோவிக் வரைந்திருந்த கட்டத்தை எடுத்து, ராய் லிச்டென்ஸ்டைன் 1963ல் நான்கு மீட்டர் அகலத்துக்கு ‘வாம்!’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். 1966ல் லண்டன் டேட் காலரி அதை வாங்கியது. நோவிக்குக்கு அதில் பங்கில்லை என்பது அநியாயம். அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஆனால் லிச்டென்ஸ்டைன், நோவிக்கின் கட்டத்திலிருந்த மற்ற விமானங்களை நீக்கினார். படத்தை இரண்டு பலகைகளாகப் பிரித்து, சுடுவதை ஒன்றிலும் சிதறுவதை மற்றதிலும் வைத்தார். அந்த நீக்கத்தில் ஒரு பார்வை இருக்கிறது. திருட்டு என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். வெறும் ட்ரேஸ் என்றால் மறுப்பேன்.

இனி ஸ்கெட்ச் கார்ட். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் கம்பெனிகள் அட்டைகளை அளவுமீறி அச்சிட்டுக் குவித்தன. எல்லோரிடமும் இருப்பதற்கு விலை ஏது? சந்தை சரிந்தது. அபூர்வத்தை உற்பத்தி செய்தாகவேண்டிய நெருக்கடி. கையால் வரைந்த அட்டையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைக்கும் வழக்கம் 1990களில் வளர்ந்தது இதனால்தான். 1998ல் மார்வெல் பாத்திரங்களை வைத்து ஸ்கைபாக்ஸ் இப்படி வெளியிட்டது. 2004ல் டாப்ஸ் தன் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் சேர்த்தது. கைக்கோடு இங்கே கலையின் தேவையாக வரவில்லை, லாட்டரிப் பரிசாக வந்தது.

வேலைக்கு ஏற்ற கூலியும் இல்லை. அட்டைக்குச் சில டாலர்கள், குறுகிய தவணை, ஒரே ஓவியர் தலையில் பல டஜன் அட்டைகள். வரைந்தவர் தாமே விற்றுக்கொள்ள ஒரு சில அட்டைகள் திரும்பத் தரப்படும். பலருக்கு உண்மையான வருமானம் அதுதான். பாத்திரம் ஓவியருடையது அல்ல. உரிமை வைத்திருக்கும் ஸ்டூடியோ பார்த்துச் சம்மதித்தால்தான் அட்டை பாக்கெட்டுக்குள் போகும். அந்த முகம் ரசிகனுக்குப் பழகிய முகமாகவே இருக்கவேண்டும். ஒற்றைப் பிரதியாக இரு, ஆனால் புதிதாக எதையும் பார்த்துவிடாதே என்பது ஒப்பந்தம். இந்த நிபந்தனையில் புகைப்படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்து ட்ரேஸ் எடுக்கிறவரைப் பெரிய குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. குற்றம் அந்த ஏற்பாட்டில் தொடங்குகிறது.

இருந்தும் சில அட்டைகள் நம்மை நிறுத்திவிடுகின்றன. ஏன்? என் அனுபவத்தில் பதில் அளவில் இருக்கிறது. திரையளவு காட்சியை இரண்டரை அங்குலத்துக்குள் கொண்டுவரும்போது ட்ரேஸ் எடுத்த கை எல்லாவற்றையும் சுருக்குகிறது: கண்ணிமை, பித்தான், காலணி மடிப்பு, எல்லாம் சம கனத்தில், சம அக்கறையில். எதை விடலாம் என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. பார்த்து வரைந்த கை முகத்தில் பாதியை நிழலுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு தோள், குனிந்த கழுத்து, மிச்சம் வெற்று அட்டை. இரண்டு ஓவியர்களும் ஒரே புகைப்படத்தை எதிரில் வைத்திருக்கலாம். முதலாமவர் எதையும் இழக்கத் துணியவில்லை. இரண்டாமவர் இழந்தது என்ன என்பதில்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிகிறது. மூலம் எது என்று துப்பறிவதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது. கவிதை வாசிக்கவும் உதவும்.

1997ல் ஜூரிக்கில் ஸ்டிர்னெமன் என்ற ஓவியர், ஹாக்கி ஆட்டக்காரர்களின் அட்டைகளைக் கண்டு தூண்டப்பட்டு, இதே அளவில் தாம் செய்த 1200 அட்டைகளைக் காட்சிக்கு வைத்தார். வேண்டுகிறவர் தாமும் ஒன்று செய்துகொண்டு வந்து மாற்றிக்கொள்ளலாம், விற்பனை கிடையாது. உலகில் பல ஊர்களுக்கு இது பரவியது. சில வருஷங்களில் அதே அளவு அட்டைகள் வேறு பெயரில் இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்ததையும் சொல்லவேண்டும். மாற்றிக்கொண்ட அட்டைகள் எல்லாம் கலை என்று நான் சொல்ல வரவில்லை; பெரும்பாலானவை இல்லை. ஆனால் அங்கே ஒருவன் அட்டையை நீட்டும்போது, எதிரில் இருப்பவன் அதைப் பார்த்தே தீரவேண்டும், பதிலுக்குத் தன்னுடையதை நீட்டவேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்ட ஒற்றைப் பிரதிக்கு அந்தக் கதி வருவதில்லை. அதை யாரும் பார்ப்பதில்லை. வைத்திருக்கிறார்கள்.