கணினிக்கு வெளியே ஒரு பெட்டி: டிஏசி வந்த கதை

குன்றத்தூரிலிருந்து மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019-ல் ஐபோன் எக்ஸ்ஆர் தயாராக ஆரம்பித்தது. அந்த போனில் ஹெட்போன் மாட்டும் வட்டத் துளை கிடையாது. 2016-ல் ஐபோன் 7 வந்தபோதே ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. பழைய ஹெட்போனை மாட்ட வேண்டுமென்றால் விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் தனியாக வேண்டும்.

பார்ப்பதற்கு வெறும் ஒயர்தான். ஆனால் அதற்குள் ஒரு சில்லு ஒளிந்திருக்கிறது. பெயர் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டிஏசி. எண்களை வாங்கி மின் அலையாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. இதையே பெரிய பெட்டியில் வைத்துப் பல ஆயிரம் ரூபாய்க்கும், சில லட்சங்களுக்கும் விற்கிறார்கள். கணினியில் பாட்டு நன்றாகக் கேட்க அந்தப் பெட்டி அவசியமா? வரலாற்றைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

எண்ணாக மாறிய குரல்

ஒலியை எண்ணாக்கும் யோசனை கணினியை விட மூத்தது. 1937-ல் பாரிஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தொலைபேசிக் குரலை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அளவுகளை மட்டும் அனுப்பலாம் என்று கண்டார். வழியில் இரைச்சல் சேர்ந்தாலும் எண் கெடாது என்பதுதான் இதன் லாபம். ஒரு ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், எதையும் இழக்காமல் திரும்பப் பெறலாம் என்பதை நைக்விஸ்ட், ஷானன் போன்றோரின் ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அப்படியென்றால் 40,000-க்குக் கொஞ்சம் மேலே போதும். சிடியில் இருப்பதோ 44,100. அதென்ன அப்படி ஒரு எண்? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு ஃபீல்டுக்கு 245 கோடுகள், கோட்டுக்கு 3 அளவுகள், நொடிக்கு 60 ஃபீல்டுகள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்!

1982 அக்டோபர் 1-ல் ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், அதாவது 65,536 படிகள். அன்று நல்ல டிஏசி சில்லின் விலை அதிகம். அதனால் சோனி ஒரே டிஏசியை இடது, வலது இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. கூட்டாளியான பிலிப்ஸிடம் இருந்ததோ 14 பிட் சில்லு. ஆனால் அளவுகளை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி, அதிலேயே 16 பிட் தரத்தை எட்டிவிட்டார்கள்.

டிஏசியைத் தனிப் பெட்டியாகப் பிரித்து விற்கும் வழக்கமும் அந்த 1980-களில்தான் தொடங்கியது. பிளேயர் பழையதானாலும் டிஏசியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது வியாபாரக் கணக்கு.

பிரிண்டர் துளையில் பாட்டு

அதே காலத்தில் பல கணினிகளுக்குத் தெரிந்ததெல்லாம் "பீப்" சத்தம் மட்டும். அப்போதுதான் கோவாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்பீச் திங் என்ற சின்னப் பொருளைக் கொண்டுவந்தது. கணினியின் பிரிண்டர் துளையில் செருக வேண்டும். உள்ளே சில ரெசிஸ்டர்கள், அவ்வளவுதான்.

டிஏசி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய உதாரணம் இல்லை. 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எட்டு நாணயங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0 முதல் 255 வரை எந்தத் தொகையையும் இவற்றை வைத்தே எண்ணிக் கொடுக்கலாம். பிரிண்டர் துளையின் எட்டு ஊசிகளும் அந்த எட்டு நாணயங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு மின்னழுத்தம் தரும்படி ரெசிஸ்டர்களை அமைத்தால், கூட்டுத்தொகையே ஒலி. விஷயம் தெரிந்தவர்கள் கடையில் ரெசிஸ்டர் வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொண்டார்கள். கணினிக்கு வெளியே இருந்த ஆரம்பகால டிஏசிகளில் இதுவும் ஒன்று.

1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ (2023-ல் மறைந்தார்). டிஏசி இப்போது கணினிக்குள் போய்விட்டது. 1997-ல் இன்டெல் ஏசி'97 என்ற வரையறையை வெளியிட்டதும் ஒலி மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டது. தனியாக சவுண்ட் கார்டு வாங்கும் செலவு மிச்சம்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை இருந்தது. அந்தக் காலத்துப் பல சில்லுகள் எல்லா ஒலியையும் நொடிக்கு 48,000 அளவு என்றே ஓட்டின. சிடியின் 44,100-ஐ அவசரமாக மாற்றியதில் தரம் போனது. போதாக்குறைக்கு பிராசஸர், ஹார்ட் டிஸ்க், மின்விசிறி எல்லாம் பக்கத்திலேயே. மவுஸை நகர்த்தினால் ஹெட்போனில் "கிர்ர்" என்று கேட்கும்!

மீண்டும் வெளியே

தீர்வு யுஎஸ்பி மூலம் வந்தது. 1998-ல் யுஎஸ்பி வழி ஒலிக்கான பொது வரையறை வெளியானது. இரைச்சல் மிகுந்த பெட்டிக்குள்ளிருந்து எண்களை மட்டும் வெளியே எடுத்து, அமைதியான இடத்தில் ஒலியாக்கலாம். ரீவ்ஸ் அன்று கண்ட அதே லாபம்தான் இது.

அதிலும் ஒரு சிக்கல். முதலில் வந்த பல பெட்டிகள் கணினியின் தாளத்துக்கே ஆட வேண்டியிருந்தது. கணினி தடுமாறினால் டிஏசியும் தடுமாறும். பின்னர் டிஏசி தன் சொந்தக் கடிகாரத்தின்படி கணினியிடம் எண்களைக் கேட்டு வாங்கும் 'அசிங்க்ரனஸ்' முறை பரவியது. இன்று மலிவான பெட்டிகளிலும் அது சகஜம்.

காசு எங்கே போட வேண்டும்?

2007-ல் பாஸ்டனைச் சேர்ந்த மேயர், மோரன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயர்தர டிஸ்க்கின் ஒலியை நேராக ஒரு முறை, 16 பிட் 44,100 வழியாகச் சுற்றவிட்டு ஒரு முறை எனக் கேட்கவைத்தார்கள். எது எது என்று சொல்ல வேண்டும். 554 சோதனைகளில் 276 சரியான பதில்கள். சாதாரண ஒலி அளவில், காசு சுண்டிப் போட்டாலும் இதே பலன்தான் கிடைத்திருக்கும்.

தமிழ்ப் பாட்டு கேட்பவர்களுக்கு இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. 1970, 80-களின் பாடல்கள் அனலாக் டேப்பில் பதிவானவை. கேசட்டிலிருந்து எடுத்து, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்த கோப்புகளே பலரிடம் இருக்கின்றன. எம்பி3 தூக்கியெறிந்த ஒலியை எந்த டிஏசியாலும் திருப்பித் தர முடியாது. அது வரவிலேயே இல்லாத தொகை. செலவுப் பக்கத்தில் தேடி என்ன பயன்?

ஆகவே வரிசை இதுதான். முதலில் நல்ல பதிவு, அடுத்து நல்ல ஹெட்போன். அதன் பிறகும் கணினியில் இரைச்சல் கேட்டால், அல்லது ஹெட்போனுக்குச் சத்தம் போதவில்லை என்றால், அப்போது ஒரு வெளி டிஏசி. அதற்கும் பெரிய தொகை வேண்டாம். ஒரு காலத்தில் சோனியே இரண்டு வைக்கத் தயங்கிய பொருள், இன்று விரல் நீள ஒயருக்குள் அடங்கிவிட்டது.