எல்ம் மரங்கள் செத்த காலம்

1960களின் கடைசியில் வட அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் கப்பலில் எல்ம் கட்டைகள் வந்தன. கூடவே ஒரு பூஞ்சையும் வந்து இறங்கியது. பட்டைவண்டுகள் அதை மரத்துக்கு மரம் சுமந்தன. இரண்டரைக் கோடி எல்ம் மரங்களுக்கு மேல் செத்துப்போயின. இதற்கு 'டச்சு எல்ம் நோய்' என்று பெயர். டச்சுக்காரர்கள் செய்த பாவம், அதை முதலில் ஆராய்ந்ததுதான்.

ஒருத்தர் வீட்டு எழவு இன்னொருத்தருக்கு விருந்து. செத்த எல்மின் பட்டைக்கடியில் புழுக்கள் நெளிந்தன. லெஸ்ஸர் ஸ்பாட்டட் மரங்கொத்திக்கு அது பொற்காலம். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடை 20 கிராம் சொச்சம். 1970களில் பல்கிப் பெருகியது. பிறகு பட்ட மரங்கள் விழுந்தன, வெட்டப்பட்டன. பறவையும் குறைய ஆரம்பித்தது.

விருந்து முடிந்தது, கூட்டம் கலைந்தது என்று முதலில் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் சரிவு பழைய அளவில் நிற்கவில்லை, அதையும் தாண்டி இறங்கிக்கொண்டே போனது. ஓக் காடுகளில் கூடுகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது: குஞ்சுகள் பட்டினியில் சாகின்றன. பெரிய மரங்கொத்தி திருடுவதை எல்லாரும் சந்தேகித்தார்கள். பசிதான் முதல் எதிரி. ராத்திரி முட்டைமேல் உட்காருவது ஆண். பல கூடுகளில் கடைசி நாட்களில் இரை கொண்டுவரும் பாரமும் ஆண் தலையில்தான் விழுகிறது. புழு குறைந்த வருஷத்தில் ஒற்றை ஆளாக என்ன செய்யும், பாவம்!

இந்த மாதிரி ஆய்வுக்குக் கூடுகள் வேண்டும். கூடோ உயரத்தில், பட்ட கிளையில், மூன்று சென்டிமீட்டர் ஓட்டை. சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தேடினால் கட்டுப்படியாகாது. அதனால் 2015 முதல் உட்பெக்கர் நெட்வொர்க் தன்னார்வலர்களைக் கூப்பிட்டது. மார்ச், ஏப்ரலில், இலை மூடுவதற்கு முன், காலையிலேயே காட்டுக்குப் போய் காது கொடுத்து நிற்க வேண்டும். 'கீ-கீ-கீ' என்று கத்தினால் அதிர்ஷ்டம். பல காலைகள் வெறுங்கையோடுதான் திரும்பணும்.

கூடு கிடைத்துவிட்டால், நீளமான கம்பத்தின் நுனியில் சின்ன கேமராவைக் கட்டிப் பொந்துக்குள் விடுகிறார்கள். திரையில் குஞ்சுகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள். சில நாள் கழித்து அதே மரத்தடிக்கு வருகிறார்கள், அதே கம்பத்தோடு, எத்தனை மிச்சம் என்று பார்க்க.