வெட்டுக்கிளி தின்ன மறுத்த வேம்பு

எங்கள் அப்பத்தா பயறு வைக்கும் பானையில் காய்ந்த வேப்பிலையைப் போட்டு வைப்பார். ஏன் என்று கேட்டால், "பூச்சி அண்டாதுப்பா" என்பார். அவ்வளவுதான் விளக்கம்! அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று பார்ப்போமா?

1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையை எல்லாம் மொட்டையடித்தது. வேப்ப மரங்கள் மட்டும் தப்பின. அங்கிருந்த ஜெர்மன் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் இதைக் கவனித்தார். பிற்காலத்தில் வேம்பு ஆராய்ச்சியின் முன்னோடியாக அறியப்பட்டவர் அவர்.

1962-இல் டெல்லிக்கும் வெட்டுக்கிளிகள் வந்தன. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்து, 0.1 சதவீதக் கரைசலாகத் தெளித்திருந்தார்கள். அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம்தான். வெட்டுக்கிளிகள் பயிரில் உட்கார்ந்தன, ஆனால் தின்னவில்லை!

காரணம் என்ன? 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். இது டி.டி.டி. போல உடனே கொல்லும் நஞ்சு அல்ல. பூச்சியைத் தின்னவிடாது, புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால்தான் மாலையில் தெளிக்கச் சொல்கிறார்கள். இந்த மூலக்கூறை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்க கேம்பிரிட்ஜ் குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007-இல்தான் முடிந்தது. மரமோ அதை ஆண்டுதோறும் சும்மா தருகிறது!

இனிதான் முக்கியமான கட்டம். வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் ஒரு முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் காப்புரிமை வழங்கியது. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியினர், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஆகியோர் 1995-இல் எதிர்ப்பு மனு கொடுத்தனர். ஏறக்குறைய இதே முறையைத் தாம் முன்பே பயன்படுத்தியதாக இந்தியத் தொழிற்சாலை உரிமையாளர் ஒருவர் சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது.

நாம் ஜெயித்தோம், மகிழ்ச்சி! ஆனால் பத்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்ததை மறக்கக்கூடாது. "எங்கள் அப்பத்தா செய்தார்" என்று சொன்னால் காப்புரிமை அலுவலகத்தில் எடுபடாது. எங்கே, எப்போது, எப்படிச் செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். 1962 சோதனையை உலகம் இன்றும் பேசுவது அதை எழுதி வெளியிட்டதால்தான்.

நண்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். பூச்சிக்கு என்ன தெளித்தார்கள், எவ்வளவு கலந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள், தேதியும் போடுங்கள். நானும் அப்பத்தாவிடமிருந்துதான் தொடங்கப் போகிறேன்.