கும்பிடும் வணக்கமும்

'வணக்கம்' என்ற சொல் பழையது. தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் அதைச் சொல்லும் பழக்கம் அவ்வளவு பழையதல்ல. நம் தாத்தாக்கள் காலத்தில் அக்ரஹாரத்தில் 'நமஸ்காரம்', பண்ணையாளிடமிருந்து 'கும்பிடறேன் சாமி', கிறிஸ்தவரிடம் 'தோத்திரம்'. வாய் திறந்த மாத்திரத்தில் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மனு இதை விதியாகவே எழுதிவைத்தார். இரண்டாம் அத்தியாயத்தில், பிராமணனிடம் குசலம், க்ஷத்திரியனிடம் அநாமயம், வைசியனிடம் க்ஷேமம், சூத்திரனிடம் ஆரோக்கியம் விசாரிக்க வேண்டும் என்கிறார். நான்குக்கும் அர்த்தம் ஏறத்தாழ ஒன்றுதான். நலம் விசாரிப்பதாகச் சொல்லி இடம் நினைவூட்டப்படுகிறது. ஐந்தாவது ஆளுக்குச் சொல்லே இல்லை.

நாட்டிய சாஸ்திரம் கையின் உயரத்தை அளந்தது. அஞ்சலி தெய்வத்துக்குத் தலைமேல், குருவுக்கு முகத்தருகே, நண்பனுக்கு மார்புக்கு நேரே. அப்படியானால் சமமானவனுக்கும் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறதே என்று வாதிடலாம். வாதிடலாம்தான், நண்பனாக யார் இருக்க முடியும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட சமூகம் அது. (கூப்பிய கை இந்துக்களுக்கு மட்டும் உரியதுமல்ல. எழும்பூர் மியூசியத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.)

1916இல் தனித்தமிழ் இயக்கம், 1925இல் சுயமரியாதை இயக்கம். இவற்றின் வழியாகத்தான் 'வணக்கம்' மேடைக்கும் பிறகு தெருவுக்கும் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நம்' என்ற ஸம்ஸ்கிருத வேருக்கு வளைதல் என்று பொருள். 'வணங்கு' என்பதற்கும் அதுவேதான். ஒரு வளைவை விரட்டி இன்னொரு வளைவைக் கொண்டுவந்தார்கள் என்று நானே கேலி செய்ததுண்டு. இப்போது அப்படி நினைக்கவில்லை. 'கும்பிடறேன் சாமி'க்கு அதே சொல்லில் பதில் சொல்ல முடியாது. 'வணக்கம்' என்றால் திரும்ப 'வணக்கம்' என்றுதான் சொல்லியாக வேண்டும். மாறியது இதுதான், இது சின்ன விஷயமில்லை.

சாதிப் பட்டங்களை விடத் தீர்மானித்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு 1929இல் செங்கல்பட்டில் கூடியது. கும்மிடிப்பூண்டி அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. சொல் இங்கே சீக்கிரமே வந்திருக்கலாம். உடம்பு வந்து சேரவில்லை.

நான் உட்காரும் கவுண்டருக்கு முன்னால் ஆந்திர எல்லைக்காரர்களின் 'நமஸ்காரமண்டி' உண்டு, சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் வடக்கத்திப் பையன்களின் 'நமஸ்தே' உண்டு. பேசாமல் கும்பிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு பெரியவர், என் அப்பா வயது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கூப்பிய கைகளுக்கு நடுவே பாஸ்புக்கோடு வருவார். பணம் எண்ணுகிற கைகளைக் கூப்ப முடியாது என்பது சௌகரியமான காரணம். வருஷக்கணக்காகத் தலையை மட்டும் அசைத்துவந்தேன்.

போன மாதம் நோட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் கைகூப்பினேன். அவர் பதறிப்போனார். ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி வரிசையிலிருந்து விலகி, எல்லாரும் போகும்வரை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.