குழந்தைகள் அருங்காட்சியகம் (மதுரை வட்டாரம்)

பொருளைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், சிறுவர்கள் தொட்டும் இழுத்தும் சுழற்றியும் ஏறி உட்கார்ந்தும் அறிந்துகொள்ளும்படி அமைத்த காட்சியகம். மேலைநாடுகளில் இது தனிக் கட்டடமாகவும் தனிப் பெயரோடும் வளர்ந்தது. தமிழ்நாட்டுக்கோ அறிவியல் மையம், நூலகத்தின் சிறுவர் பிரிவு, அகழாய்வு அருங்காட்சியகம் எனப் பல வழிகளில் பிரிந்து வந்தது. மதுரையை எடுத்துக்கொண்டால், நகருக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில், பாத்திமா கல்லூரியை ஒட்டிய விளாங்குடி 2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அங்கே பிள்ளை வளர்ப்பவர்கள் இத்தகைய இடங்களை நகரின் வெவ்வேறு மூலைகளில் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகையில் முதலாவது நியூயார்க்கின் புரூக்ளினில் 1899 டிசம்பரில் திறந்தது. அங்கு நெடுங்காலம் பொறுப்பிலிருந்த அன்னா காலப், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்றே பொருள்களைச் சேர்த்தார். பாஸ்டனில் 1913இல் அடுத்தது வந்தது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1931இல் சிறுவர் கூடம் ஒன்றைத் திறந்து, பொத்தானை அழுத்தினால் ஓடும் மாதிரிகளை அதில் வைத்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பொத்தானை அழுத்தி, அது ஓடி முடியும் முன்பே அடுத்த பொத்தானுக்கு ஓடுவது பிள்ளைகளின் இயல்பு. விரல் வேலை செய்ததே தவிர, அதற்குப் பின்னால் கேள்வி ஏதும் எழவில்லை.

இதற்கு மாற்றுக் கண்டவர்களில் முதன்மையானவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்தை நடத்திய ராபர்ட் ஓப்பன்ஹைமரின் தம்பி. பொதுவுடைமைக் கட்சியில் இருந்ததற்காகப் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு வளர்த்து, பின்னர் பள்ளிக்கூட வாத்தியாராகப் பாடம் சொன்னவர். அவர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரேட்டோரியத்தில், பார்வையாளர் தாமே அளவை மாற்றி விளைவு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். உலகெங்கும் இன்றுள்ள அறிவியல் மையங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி.

தமிழ்நாட்டில் இதன் கதை எழும்பூரிலிருந்து தொடங்குகிறது. 1851இல் உருவான சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர், உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் பெருகுவதைக் கவனித்தார். 1855இல் அதே வளாகத்தில் விலங்குக்காட்சியும் தொடங்கியது. பின்னாளில் இரண்டும் பிரிந்தபோது, மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சென்னை மக்கள் சொல்லிக்கொண்டார்கள். அருங்காட்சியகத்தைப் பற்றி இதைவிடக் கறாரான விமரிசனம் தமிழில் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த வளாகத்திலேயே பிற்காலத்தில் குழந்தைகள் அருங்காட்சியகமும் வந்தது. பழைய நாகரிகங்களின் மாதிரிக் காட்சிகள், உடையலங்காரப் பொம்மைகள் என அதுவும் பெரும்பாலும் கண்ணுக்கான விருந்துதான்.

கைக்கு வேலை கொடுத்தவை அறிவியல் மையங்கள். கல்கத்தாவில் பிர்லா குடும்பம் கொடுத்த மாளிகையில் 1959இல் பிர்லா தொழில் தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறந்தது. 1965இல் அது காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 1978இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றம் உருவானது. அடுத்த ஆண்டு, சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், மும்பை நேரு அறிவியல் மையம் மரத்தடியில் அறிவியல் பூங்காவை அமைத்தது. பிறகு மாவட்ட அறிவியல் மையங்கள் வந்தன: புருலியா 1982, திருநெல்வேலி 1987. சென்னைக்குப் போக வழியில்லாத தென்மாவட்டப் பள்ளிகளுக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளத்து மையமே கையெட்டும் தூரத்தில் கிடைத்தது.

இத்தகைய அறிவியல் பூங்காக்களில் வழக்கமாக இருப்பது கப்பி நாற்காலி. ஒற்றைக் கப்பியில் கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத்தானே தூக்கப் பார்க்கும் அண்ணன் திணறுவான். பல கப்பிகளில் கயிறு சுற்றிவரும் பக்கத்து நாற்காலியில் தங்கச்சி சுலபமாக மேலே போவாள். ஆனால் அதே உயரத்துக்கு அவள் பல மடங்கு நீளக் கயிற்றை இழுத்தாக வேண்டும். விசை குறைந்தது, வேலை குறையவில்லை. பின்னாளில் வகுப்பில் மனப்பாடம் செய்யப்போவது உள்ளங்கை சிவந்து முன்பே தெரிந்துவிடும். எதிரெதிரே நிற்கும் இரண்டு குழிந்த பெரிய தட்டுகளும் அப்படித்தான். ஒன்றின் குவியத்தில் வாய்வைத்துக் கிசுகிசுத்தால், தொலைவிலுள்ள மற்றதன் குவியத்தில் காதுவைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும், நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. மின்சாரம் வேண்டாம், ரிப்பேருக்கு ஆள் தேட வேண்டாம்.

மதுரைப் பிள்ளைகள் பலரின் முதல் மியூசியம் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேரு அதைத் திறந்துவைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. கைகட்டி வரிசையில் நகர வேண்டிய இடம் அது, அப்படி இருப்பதே சரி. ஆட்டமும் பாட்டும் அருகே தமுக்கம் மைதானத்தில், சித்திரைப் பொருட்காட்சியில் நடந்தன. அரசுத் துறைகளின் அரங்குகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு ராட்டினத்துக்கு ஓடுவதுதான் மதுரை வழக்கமாக இருந்தது.

2023ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகமும், ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. சுமார் 2.13 லட்சம் சதுர அடியில் எழுந்த நூலகத்தின் சிறுவர் பிரிவில் புத்தகங்களோடு அறிவியல் கூடமும் சிறு திரையரங்கும் சேர்ந்தன. விளாங்குடியிலிருந்து வைகையைத் தாண்டாமலே போய்வரலாம் என்பதால், மழை நாளிலும் கோடை மதியத்திலும் இதுவே வசதி.

கீழடி நகரின் மறுகோடி, மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். சுமார் 18 கோடி ரூபாயில், செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் முற்றமும் தூண்களுமாக ஆறு பிரிவுகள். அசைபடங்களும் தொடுதிரைகளும் ஏராளம். தொடுதிரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அது லண்டனில் 1931இல் வைத்த பொத்தானேதான். வீட்டில் செல்போனைத் தேய்க்கும் பிள்ளை இங்கும் தேய்க்கிறது.

அங்கே சிறுவர்களுக்கு நெருக்கமானது வேறொன்று. உடைந்த பானை ஓட்டை விளிம்பு தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆட்டக்காய்களும் பகடைகளும் உடன் கிடைத்தன. கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. கூட வரும் ஆச்சிக்கு விளக்கப் பலகை தேவைப்படாது. பாண்டி ஆட ஓட்டுச் சில்லைத் தரையில் உரசித் தேய்த்த கை அது. பேத்திக்கு அங்கே சரியான வழிகாட்டி அவரே.

கீழடிக்குச் சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு பிரிவுகளும் தாங்காது. உயரமான பெட்டிகளைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும், கைவலி மிச்சம். உறைகிணறு, சில்லு, பானை என்று இரண்டு மூன்றைத் தேர்ந்துகொண்டு, மீதி நேரத்தை முற்றத்துக்கு விட்டுவிடலாம். பள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வரிசை பிடித்து ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

அருங்காட்சியகங்களை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அசல் சில்லு கண்ணாடிக்குள்ளேயே இருக்கட்டும். முற்றத்துத் தரையில் பாண்டிக் கட்டம் ஒன்றை வரைந்து, பக்கத்தில் ஒரு கூடை நிறைய ஓட்டுச் சில்லுகளை வையுங்கள். ஒரு தொடுதிரையின் விலையில் இதைத் தமிழ்நாட்டிலுள்ள எல்லா அரசு அருங்காட்சியகங்களிலும் செய்துவிடலாம்.