மண்வெட்டிக்காரர்களின் மாநகரம்

1952ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நைஜீரியாவின் மிகப் பெரிய நகரம் இபாடான். அடுத்தது லாகோஸ். மூன்றாவதாக வந்தது ஒக்போமோஷோ. துறைமுகம் இல்லை, சுரங்கம் இல்லை, ரயில் பாதைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் விலகிப் போனது. ஆனாலும் சுமார் 1,40,000 பேர். சகாரா வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த கானோவே இதற்கடுத்துதான். இத்தனை பேருக்கும் என்ன பிழைப்பு? பெரும்பாலோருக்கு விவசாயம்.

இது யோருபா மக்களின் ஊர். யோருபா விவசாயிக்கு வீடு நகரத்தில், காடு தொலைவில். ஒரு வம்சத்தார் எல்லாரும் பெரிய வளாகமொன்றில் சேர்ந்து வாழ்வார்கள். ஆண்கள் காட்டில் குடிசை போட்டு நாள்கணக்கில் தங்கி உழைத்துவிட்டு, திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் நகரம் திரும்புவார்கள்.

ஒகுன்லோலா என்ற வேட்டைக்காரரும் சோளக் கள் காய்ச்சி விற்ற அவர் மனைவியும் ஒரு மரத்தடியில் குடியேறியதுதான் ஊரின் தொடக்கம் என்பது வழிவழிக் கதை. ஓயோ அரசருக்குத் தொல்லை தந்த எலெமோஷோ என்ற வீரனின் தலையைக் கொய்து வந்ததால் அவருக்குத் தலைமை கிடைத்ததாம். கதை எப்படியோ, ஊரை மாநகரமாக்கியது 19ஆம் நூற்றாண்டுப் போர்தான். அண்டை இலோரின் அமீரகத்தின் குதிரைப்படை பாய்ந்து வந்து, ஓயோ அரசின் தலைநகரான பழைய ஓயோவும் பாழானபோது, ஒக்போமோஷோவின் மதில் தாக்குப்பிடித்தது. சுற்றியிருந்த சிற்றூர் மக்களெல்லாம் உள்ளே வந்து சேர்ந்தார்கள். போர் ஓய்ந்தும் பெரும்பாலோர் கிளம்பவில்லை.

இது புல்வெளி மண், கோக்கோ செழிக்காது. சோளம், மக்காச்சோளம், மரவள்ளி உண்டென்றாலும் மதிப்பெல்லாம் பெருவள்ளிக்கிழங்குக்கு. குட்டைப் பிடி மண்வெட்டியால் மண்ணை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, விதைக்கிழங்கைப் புதைத்து, வெயில் சுடாதிருக்க உச்சியில் காய்ந்த புல்லை வைத்து அதன்மேல் ஒரு மண்கட்டியை அழுத்துவார்கள். முதல் அறுவடையில் கொடி சாகாமல், வேர் அறுபடாமல் மண்ணைப் பறித்துக் கிழங்கை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுத் திரும்ப மூடவேண்டும். அடுத்த ஆண்டுக்கான விதைக்கிழங்கு அதே கொடியில் விளையும். கை பழகாதவன் தொட்டால் இரண்டும் போச்சு. வேலை மிகுந்தால் முறைவைத்து ஒருவர் காட்டில் மற்றவர்கள் போய் உழைத்துக் கொடுப்பார்கள். பெண்கள் மண்வெட்டி பிடிப்பது குறைவு. மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து வறுப்பது, சந்தையில் விற்பது, காசைப் புரட்டுவது எல்லாம் அவர்கள் ராஜ்ஜியம்.

1855இல் பாப்டிஸ்ட் பாதிரியார் போவன் வந்தார். பிறகு பள்ளியும் இறையியல் கல்லூரியும் வந்தன. இந்த ஊர்ப்பிள்ளை சாமுவேல் அகிந்தோலா மேற்கு மாகாணப் பிரதமரானார். 1966 ஜனவரி ராணுவப் புரட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோக்கோ இல்லாத ஊருக்குப் பணம் வந்த வழி கானா. துணிமூட்டையோடு மேற்கே போனவர்கள் அங்கே சந்தைக்குச் சந்தை கடை போட்டார்கள். சேர்த்த காசில் ஊரில் வீடு கட்டினார்கள்.

1969இல் இரண்டு அடி விழுந்தது. உள்நாட்டுப் போர் நடந்த நேரம். வருமானம் பாராமல் வயதுவந்த ஆண் ஒவ்வொருவரிடமும் ஒரே தொகையாகப் பிடுங்கிய தலைவரி, கோக்கோக் காசு பாராத கிழங்கு விவசாயியையும் விடவில்லை. மேற்கு மாகாணமே கொதித்தது. 30 ஷில்லிங்குக்கு மேல் தரமாட்டோம் என்றனர் அக்பெகோயா என்ற விவசாயிகள் இயக்கத்தார். அதையும் பழைய சோழிக் கணக்கில் ஆறு மூட்டை என்றுதான் முழங்கினார்கள். மன்னர்கள் வரிக்காரன் பக்கம் என்ற கோபம் வேறு. ஒக்போமோஷோவில் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து, ‘ஷோவுன்’ எனப்படும் மன்னரையே கொன்றது. கடைசியில் யோருபா அரசியல் தலைவர் அவோலோவோ இபாடானுக்கு அருகிலுள்ள அக்கன்ரானுக்கு நேரில் போய், விவசாயிகளின் தலைவர் டாஃபா அடெயோயேவோடு பேசினார். வரி 2 பவுண்டுக்கு இறங்கியது. அடக்குமுறையை நம்பிய அதிகாரிகளுக்கு அந்த நடை முன்பே தோன்றியிருக்கலாம்.

மூச்சு விடுவதற்குள் அடுத்தது. நவம்பர் 18 அன்று கானாவின் புசியா அரசு, குடியிருப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டார் 14 நாளில் வெளியேறவேண்டும் என்றது. ஆயுள் முழுக்க அங்கேயே கழித்தவர்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகள், கையில் கிடைத்ததை வாரிக்கொண்டு லாரி ஏறினார்கள்.

வந்தவர்களில் பலருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஆனால் யோருபா வழக்கில் நிலம் தனியாள் சொத்தில்லை, வம்சத்துக்குச் சொந்தம். எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும் பங்கு கேட்கலாம். வளாகத்தில் ஓர் அறையும் உண்டு. கடை போனவர்கள் அந்த அறையிலிருந்துதான் மறுபடி கணக்கைத் தொடங்கினார்கள்.