ஒரே உறையில ரெண்டு கத்தி: ஹாம்ஸ்டர் வந்த கதை

நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ் வாங்கப் போனா "ஜோடி எவ்ளோ?"ன்னுதான் கேப்போம். ஒத்தைப் பறவை வாங்கினா பாவம் பிடிச்சுக்கும்னு ஒரு நினைப்பு. புறா, முயல், வெள்ளை எலி, எல்லாமே ஜோடிதான். தனியா ஒரு உயிரை அடைச்சு வெச்சா அது ஏங்கிப் போயிடும்ங்கிறது நம்ம இரக்கம். நல்ல இரக்கம்தான். ஆனா இந்த இரக்கத்தால தினம் ரத்தம் சிந்துற ஒரு பிராணி இருக்கு. அதுதான் பொன்னிற ஹாம்ஸ்டர். உள்ளங்கையில அடங்குற சைஸ், தேன் கலர், கன்னத்துல ரெண்டு பை. இப்போ சென்னை, கோவைன்னு எல்லா இடத்துலயும் கடைகள்ல கிடைக்குது.

இது வீட்டுப் பிராணியா வந்த கதை சமீபத்திய கதை. நாய்க்கு ஆயிரக்கணக்கான வருஷம், ஹாம்ஸ்டருக்கு நூறு வருஷம்கூட முழுசா ஆகலை. அந்தக் கதையோட ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரே ஒரு பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வருது: இதுங்களை ஒண்ணா வெச்சா அடிச்சுக்கும். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கண்ணாடி விரியன்காரர்

முதல் திருப்பத்துலயே நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வர்றார். 18ஆம் நூற்றாண்டுல சிரியாவோட அலெப்போ நகரத்துல ஆங்கிலேய வியாபாரிகளுக்கு வைத்தியரா இருந்தவர் அலெக்சாண்டர் ரஸ்ஸல். அவருக்கப்புறம் அதே வேலைக்கு வந்தவர் தம்பி பேட்ரிக் ரஸ்ஸல் (அப்பா ஒண்ணு, அம்மா வேற). அண்ணன் அந்த ஊரோட இயற்கை வரலாறுன்னு 1756ல ஒரு புத்தகம் போட்டார். அதைத் தம்பி 1794ல விரிவாக்கி மறுபதிப்பு போட்டார். அதுல ஹாம்ஸ்டர் வருது. ஒண்ணை அறுத்துப் பார்த்தா கன்னப்பை ரெண்டுலயும் பிஞ்சு பீன்ஸ் நீளவாக்குல, சீரா அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சாம். மேசை மேல உதறிப் போட்டா குவியல் அந்தப் பிராணியோட உடம்பை விட மூணு மடங்கு!

இந்த பேட்ரிக் ரஸ்ஸல் அப்புறம் இந்தியாவுக்கு வந்து, 1785ல கிழக்கிந்தியக் கம்பெனியோட கர்நாடகப் பிரதேச இயற்கையியலாளர் ஆனார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பத்தி 1796ல புத்தகம் எழுதினார். நம்ம கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்துல இவர் பேர்தான். ஹாம்ஸ்டருக்கும் விரியனுக்கும் நடுவுல இப்படி ஒரு உறவு :-)

1839ல லண்டன்ல ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்பவர், அலெப்போவிலிருந்து வந்த ஒரே ஒரு கிழட்டுப் பெண் ஹாம்ஸ்டரோட தோலையும் மண்டையோட்டையும் வெச்சு இதைத் தனி இனம்னு அறிவிச்சார். 1880ல ஸ்கீன்ங்கிற பிரிட்டிஷ் தூதர் உயிரோட சிலதை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கூட்டம் 1910 வாக்குல அழிஞ்சு போச்சு. அத்தோட உலகம் இதை மறந்துடுச்சு.

மறுபடி தேட வெச்ச காய்ச்சல்

மறுபடி தேடப் போனது செல்லமா வளர்க்க இல்ல. காலா அசார்ங்கிற கருங்காய்ச்சலுக்காக. மணல் ஈ கடிச்சு வர்ற வியாதி. மண்ணீரல் வீங்கி, ஆள் இளைச்சு, வைத்தியம் இல்லேன்னா சாவுதான். இந்தியாவுல, குறிப்பா வங்காளம், பீகார், அஸ்ஸாம் பக்கம் ஊர் ஊரா காலி பண்ணின காய்ச்சல் இது. இதோட கிருமியை 1903ல கண்டவங்க ரெண்டு பேர். ஒருத்தர் வில்லியம் லீஷ்மன். இன்னொருத்தர் சார்லஸ் டோனவன். டோனவன் அதைப் பார்த்தது எங்க தெரியுமா? சென்னை சென்ட்ரலுக்கு எதிர்ல இருக்கிற நம்ம ஜெனரல் ஆஸ்பத்திரியில! ரெண்டு பேர் பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானின்னு பேர் வெச்சவர் ரொனால்ட் ராஸ்.

கிருமியைக் கண்டாச்சு, ஆராய்ச்சி பண்ண ஒரு பிராணி வேணுமே. சீன ஹாம்ஸ்டருக்கு இந்தக் காய்ச்சல் ஒட்டும்னு 1924ல தெரிஞ்சுது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்துல இருந்த ஒட்டுண்ணி ஆய்வாளர் சால் ஆட்லர் அதை வெச்சு வேலை பண்ணினார். ஆனா சீன ஹாம்ஸ்டர் கூண்டுல குட்டி போட மறுத்துச்சு. ஒவ்வொரு தடவையும் சீனாவிலிருந்து வரவழைக்கணும். பக்கத்துலயே ஏதாவது ஹாம்ஸ்டர் இனம் இருந்தா பிடிச்சுத் தாங்கன்னு விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனிகிட்ட கேட்டார்.

கோதுமை வயல், எட்டடி ஆழம்

1930 ஏப்ரல் 12. அலெப்போ பக்கத்துல ஒரு கிராமம். ஊர்ப் பெரியவரான ஷேக் கூலியாட்களைக் கொடுக்க, அவரோட நல்லா விளைஞ்ச கோதுமை வயலையே தோண்டினாங்க. ஏறக்குறைய எட்டடி ஆழத்துல ஒரு பொந்து. உள்ளே ஒரு தாயும் பதினோரு குட்டிகளும்.

இங்கதான் நம்ம இரக்கம் உள்ளே நுழையுது. தாயையும் குட்டிகளையும் பிரிக்கலாமா? பாவம் இல்லையா? எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டாங்க. தாய் என்ன பண்ணுச்சுன்னா, பக்கத்துல வந்த முதல் குட்டியோட தலையைக் கடிச்சுத் துண்டாக்கிடுச்சு. மத்த குட்டிகளையாவது காப்பாத்தணுமேன்னு, அஹரோனியோட கூட வந்த வழிகாட்டி ஜார்ஜியஸ் அந்தத் தாயை சயனைடு போட்டுக் கொன்னார்.

மிச்சம் பத்து. கண்ணுகூடத் திறக்காத குட்டிகள். அஹரோனியும் அவர் மனைவியும் கையால பால் கொடுத்து வளர்த்தாங்க. பெட்டியைக் கடிச்சு ஒரு தடவை தப்பிச்சுதுங்க, ஒன்பதைத்தான் திரும்பப் பிடிக்க முடிஞ்சுது. அதை ஸ்கோபஸ் மலையில இருந்த பல்கலைக்கழக விலங்குக் கூடத்துக்குக் கொடுத்தாங்க. அங்க அடி மரத்தால ஆன கூண்டு. ராத்திரியோட ராத்திரியா அதையும் கடிச்சு அஞ்சு ஓடிப்போச்சு. நாலு மிச்சம். அதுலயும் ஒரு பெண்ணை ஆண் கடிச்சுக் கொன்னுடுச்சு.

இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கையில இருக்கிறது மூணே மூணு. மறுபடி ஒண்ணா விட்டா இன்னொண்ணும் செத்துடலாம். விடாம இருந்தா வம்சமே இல்ல. என்ன பண்றது?

அந்தக் கூடத்தோட பொறுப்பாளர் பென் மெனாகெம் பண்ணின காரியத்தைத்தான் நான் இந்தக் கதையோட உச்சம்னு சொல்வேன். பெரிய கம்பிவலைக் கூண்டு ஒண்ணு எடுத்தார். அது முழுக்க வைக்கோலை இறுக்கி அடைச்சார், மேல மட்டும் கொஞ்சம் இடம் விட்டு. முதல்ல பெண்ணை மட்டும் உள்ளே விட்டார். அது வைக்கோலுக்குள்ள குடைஞ்சு தனக்குன்னு வழியும் பொந்தும் அமைச்சுக்கிச்சு. ஒரு நாள் போனதும் ஆணை விட்டார். ஓடணும்னா ஓட வழி இருக்கு, ஒளியணும்னா ஒளிய இடம் இருக்கு. தேடித் தேடிக் கடைசியில ரெண்டும் சந்திச்சப்போ சண்டை நடக்கலை, சேர்க்கை நடந்துச்சு. முதல் வருஷத்துலயே நூத்தம்பது குட்டி!

1931ல ஆட்லர் சிலதைக் கோட்டுப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1938ல அமெரிக்கா போச்சு. 1946ல அலபாமா மாநிலத்துல ஆல்பர்ட் மார்ஷ்ங்கிறவர் ஒரு பந்தயத்துல ஒரு ஹாம்ஸ்டரை ஜெயிச்சு, அதையே பெரிய வியாபாரமா ஆக்கினார். இன்னிக்கு உலகம் பூரா வீடுகள்லயும் ஆய்வுக்கூடங்கள்லயும் இருக்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்ல ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பொந்துக் குட்டிகளோட வாரிசுதான். 2020ல கொரோனா ஆராய்ச்சிக்கு உதவினதும் இந்த வம்சம்தான்.

ஏன் இப்படி?

"கெட்ட புத்தி"ன்னு சொல்லி முடிச்சுடலாம். ஆனா காரணம் வேற. 1999ல ஜெர்மனியோட ஹாலே பல்கலைக்கழகத்து ரோல்ஃப் காட்டர்மன் குழு மறுபடி அலெப்போ பக்கம் போய் முப்பது பொந்துகளைப் பதிவு பண்ணினாங்க. ஆள் இருந்த எந்தப் பொந்துலயும் ஒரு பெரிய ஹாம்ஸ்டருக்கு மேல இல்ல. ஒண்ணுலகூட இல்ல! ஒரு பொந்து, ஒரு ஆள். கன்னப்பையில சுமந்து வந்து சேர்த்து வெச்ச தானியம்தான் உயிர், அதைப் பங்கு போட முடியாது. பெண்தான் உருவத்துல பெருசு, கோபத்துலயும் பெருசு. நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒரு ராத்திரி மட்டும் ஆணைப் பக்கத்துல விடும். மத்த நேரம் வந்தா அடிதான். பதினாறு நாள்ல குட்டி, மூணு வாரத்துல பால் மறந்துடும், அதுக்கப்புறம் அவனவன் வழி.

அப்படின்னா கூண்டுக்குள்ள நடக்கிற சண்டையோட நிஜக் காரணம் என்ன? வயல்ல தோத்தவன் ஓடிப்போயிடுவான், கதை முடிஞ்சுது. கூண்டுல ஓட இடமில்ல. அதனால சண்டை முடியவே முடியாது.

என் அக்கா பையனுக்கு ஒரு கடையில ரெண்டு ஹாம்ஸ்டர் ஜோடியாத்தான் கொடுத்தாங்க. "தனியா விட்டா ஏங்கிச் செத்துடும் சார்"னாராம் கடைக்காரர். மூணு வாரம் ஒண்ணுமேல ஒண்ணு படுத்துத் தூங்குச்சு. நாலாவது வாரம் ஒண்ணோட காது கிழிஞ்சிருந்துச்சு. மூலையை விட்டு வரலை, தண்ணி குடிக்கக்கூட மத்தது தூங்கினப்புறம்தான். "மாமா, இப்போ சண்டையே போடலை, சமாதானம் ஆயிடுச்சு போல"ன்னான் பையன். அது சமாதானம் இல்ல. ஒரு தடவை நல்லா தோத்த ஹாம்ஸ்டர், அப்புறம் தன்னை விடச் சின்னது வந்தாக்கூட எதிர்க்காம ஒடுங்கிடும்னு 1993லயே ஆய்வுல எழுதியிருக்காங்க. அன்னிக்கு சாயங்காலமே இன்னொரு கூண்டு வாங்கினோம். காயம் ஆறி அது ஒன்றரை வருஷம் சக்கரம் ஓட்டிக்கிட்டு நிம்மதியா இருந்துச்சு.

டெகுவோட கதை வேற

இதுக்கு நேர் எதிர்க் கதை ஒண்ணும் இருக்கு. சிலி நாட்டு டெகு. எலியை விடப் பெருசு, வால் நுனியில குஞ்சம். மோலினாங்கிற பாதிரியார் 1782ல இதைப் பத்தி எழுதினார். 1834ல சிலிக்குப் போன டார்வின், வால்பரைசோ வேலியோரங்கள்ல இதுங்க பட்டப்பகல்ல கூட்டம் கூட்டமா மேயுறதைப் பார்த்தார். டெகு கூட்டுக் குடும்பம். பல பெண்கள் ஒரே வளையில குட்டி போட்டு, ஒண்ணோட குட்டிக்கு இன்னொண்ணு பால் கொடுக்கும்.

ஆனா இதுவும் வீட்டுக் கூண்டுல அடிச்சுக்குது. இடம் பத்தலைன்னா, தெரியாத டெகுவைத் திடீர்னு உள்ளே விட்டா, பெண் வாசனைக்கு நடுவுல ரெண்டு ஆண் இருந்தா. அப்போ பிரிச்சுத்தான் ஆகணும். ஆனா எப்படிப் பிரிக்கிறதுங்கிறதுலதான் வித்தியாசம். டெகுவைத் தனி அறைக்குக் கொண்டுபோனா ஏங்கிடும். அதனால கூண்டுக்கு நடுவுல கம்பிவலை போட்டு, வாசனையும் சத்தமும் போக வழிவிட்டு, படுக்கையை இடம் மாத்திப் பழக்கி, மெதுவா மறுபடி சேர்க்கப் பார்க்கணும். டெகுவுக்குப் பிரிவுங்கிறது வைத்தியம், முடிஞ்சா கொஞ்ச நாளைக்கு. ஹாம்ஸ்டருக்குப் பிரிவுதான் வீடு. (ரஷ்ய குட்டை ஹாம்ஸ்டர்னு விக்கிறது வேற இனம். அதுல சிலது ஜோடியா இருக்கும், ஆனா அதுக்கும் கண்காணிப்பு வேணும்.)

நாம கூட்டமா வாழ்ற ஜாதி. தனியா இருக்கிற எதைப் பார்த்தாலும் நமக்கு அது சோகமாத் தெரியுது. அலெப்போ வயல்ல அந்தத் தாயைக் குட்டிகளோட ஒரே பெட்டியில போட்டவங்களும் கெட்டவங்க இல்ல, தாய்ன்னா இப்படித்தான்னு நினைச்சாங்க. பென் மெனாகெம் அப்படி நினைக்கலை. அந்தப் பிராணிக்கு என்ன வேணும்னு பார்த்து வைக்கோலை அடைச்சார். ஒரு வம்சமே பிழைச்சுது. சொந்த ஊர்ல காட்டு ஹாம்ஸ்டர் இன்னிக்கு அழியுற அபாயத்துல இருக்கு, விவசாயிக்கு அது தானியத் திருடன். நம்ம வீட்டுக் கூண்டுகள்ல இருக்கிறதுதான் அதிகம்.

அதனால யாராவது ஹாம்ஸ்டர் வாங்கப் போனா, கடைக்காரர் ஜோடிக்கு விலை சொன்னாலும் ஒண்ணு மட்டும் வாங்குங்க. பெரிய கூண்டா, குடையுற அளவுக்கு ஆழமா வைக்கோலோ மரத்தூளோ போட்டு வையுங்க. ஏற்கனவே ரெண்டு இருந்தா, காது கிழியுற வரைக்கும் காத்திருக்க வேணாம், இன்னிக்கே இன்னொரு கூண்டு. நேரம் கிடைச்சா டெகு கதையைத் தனியா விரிவா எழுதறேன்.